பெர்ஃபங்க்டரி: திட்டா, பாராட்டா?

போன வாரம் சந்தை வாசலில் நிறுத்தி நீ கேட்ட கேள்விக்கு அங்கேயே இரண்டு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு கையில் மீன், இன்னொரு கையில் குடை, பின்னால் ஒரு மோட்டார்காரர் ஹாரன் அடிக்கிறார். "எழுதித் தருகிறேன்மா" என்று தப்பித்துக்கொண்டேன். அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருந்தால், நீ கேட்ட சொல்லுக்கு நானே நடமாடும் உதாரணமாகி இருப்பேன்.

வேறு யாராவது இதைப் படித்தால் புரியவேண்டும் என்பதற்காக உன் கேள்வியை மறுபடி சொல்லிவிடுகிறேன். பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலை அலுவலகத்தில் நீ கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் உன் மேலதிகாரி, சப்ளையர்களிடம் நீ செய்யும் 'ஃபாலோ-அப்' வேலை 'பெர்ஃபங்க்டரி' (perfunctory) என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். பார்க்க 'பெர்ஃபெக்ட்' மாதிரி இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய் அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டாய். அப்புறம் அகராதியைப் பார்த்தால் 'கடமைக்காகச் செய்யப்பட்ட' என்று இருக்கிறது. "கடமையைச் செய்வது நல்லதுதானே சார்? திங்கட்கிழமை தவறாமல் எல்லா சப்ளையருக்கும் ஈமெயில் போடுகிறேனே! இது திட்டா, பாராட்டா?" என்று கேட்டாய். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய்: உன்னோடு வேலைக்குச் சேர்ந்த மற்ற இரண்டு பேருடைய தாளிலும் அச்சு மாறாமல் அதே வரி. அதை மறக்காதே, பின்னால் தேவைப்படும்.

திட்டுதான், அம்மா. கோபமாகக் கத்துகிற திட்டு இல்லை, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வருகிற திட்டு. செய்தாக வேண்டுமே என்பதற்காக மட்டும் ஒரு காரியத்தைச் செய்து முடிப்பதைத்தான் பெர்ஃபங்க்டரி என்கிறார்கள். காரியம் நடந்திருக்கும். செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. செய்தவருடைய கவனமும் அக்கறையும் மட்டும் அதில் இருக்காது.

உன்னைக் குழப்பியது அந்த அகராதிக்காரர் போட்ட ஒரே ஓர் உருபு. 'கடமைக்காக உயிரைக் கொடுத்தார்' என்றால் எழுந்து நின்று கும்பிடுகிறோம். 'கடமைக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார்' என்றால் அந்த ஆளைப் பற்றி நமக்கு என்ன எண்ணம் என்று சொல்லத் தேவையில்லை. 'காக' என்ற இரண்டெழுத்து கூடுதலாக இருந்ததால் திட்டு தியாகம் ஆகிவிட்டது. 'கடமைக்குச் செய்த' என்று போட்டிருந்தால் நீ அம்மாவிடம் ஓடியிருக்க மாட்டாய்.

'பெர்ஃபெக்ட்' மாதிரி இருக்கிறது என்று நீ நினைத்ததற்காக வெட்கப்பட வேண்டாம். முப்பது வருடம் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். ஐந்தாம் படிவ மாணவர்கள் பாதிப் பேர் இந்தச் சொல்லில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். உண்மையில் இரண்டும் தூரத்துச் சொந்தம்தான். இரண்டிலும் முன்னால் நிற்கும் 'பெர்' என்பது லத்தீனில் 'முழுக்க, கடைசிவரை' என்ற பொருள் தரும் ஒட்டு. 'ஃபெக்ட்' வந்தது 'செய்' என்ற வினையிலிருந்து. 'ஃபங்க்' வந்தது 'பொறுப்பை நிறைவேற்று' என்ற வினையிலிருந்து. 'ஃபங்க்‌ஷன்' என்ற சொல்லுக்கும் அதுதான் தாய். ஆகப் பிறந்த வீட்டில் இரண்டுக்குமே 'கடைசிவரை செய்து முடித்தது' என்றுதான் பொருள். ஒன்று குறையே இல்லாத வேலைக்குப் பெயராகி உயர்ந்துவிட்டது. மற்றது 'முடித்தாயிற்று, விட்டது சனியன்' என்ற பெருமூச்சுப் பக்கம் சாய்ந்துவிட்டது. லத்தீனிலேயே அந்தச் சாய்வு வந்துவிட்டது. பிற்கால லத்தீனில் அக்கறையில்லாமல் செய்வதற்கு இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலம் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. அதே குடும்பத்தில் இன்னொரு பிள்ளை 'டிஃபங்க்ட்'. பொறுப்பெல்லாம் முடித்து ஓய்ந்தவர், அதாவது செத்துப்போனவர். மூடிப்போன கம்பெனிக்கும் இப்போது அதைச் சொல்கிறார்கள்.

நம் மொழியிலும் இதே சரிவு நடந்திருக்கிறது. 'கடன்' என்றால் முன்பு கடமை. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியபோது அந்தச் சொல்லில் எவ்வளவு கனம்! இன்றைக்கு அதே கடனை எடுத்து 'கடனே என்று கூட்டிப் பெருக்கினாள்' என்கிறோம். பாடிய வாயும் திட்டிய வாயும் ஒரே சொல்லைத்தான் பிடித்தன. பெர்ஃபங்க்டரிக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டால் நான் 'கடனே என்று' என்பதைத்தான் தருவேன். 'ஏனோதானோ' அதற்கு அடுத்தது. ஆனால் ஏனோதானோவில் வேலையே தாறுமாறாக இருக்கலாம், பெர்ஃபங்க்டரியில் பெரும்பாலும் வேலை பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும்.

அது என்ன பார்வைக்கு ஒழுங்கு? பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வைத்துச் சொல்கிறேன். உன் காலத்தில் நம் ஊர் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் செம்பனை, உனக்கு இது கதைபோல இருக்கும்.

என் அப்பா பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், துடைக்க நானும் கூடப் போவேன். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரவரிசையான நிரைக்குள் நுழைவது. இந்த இருட்டு வேலை துரைமார் செய்த கொடுமை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். மரத்துக்குள் நீரழுத்தம் அந்த நேரத்தில்தான் அதிகம், வெயில் ஏறி இலை வழியே நீர் ஆவியாகப் போக ஆரம்பித்தால் பால் ஓட்டம் மட்டுப்பட்டுவிடும் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பால் வெட்டுவது பார்க்கிறவனுக்குக் கத்தியை ஓர் இழுப்பு இழுப்பதுபோலத் தெரியும். பழைய வெட்டை ஒட்டி ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் பட்டையைச் சீவ வேண்டும். சூட்சுமம் ஆழத்தில் இருக்கிறது. பால் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில்தான் நெருக்கமாக ஓடுகின்றன. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டினாற்போல், புதுப்பட்டையை வளர்த்துக்கொடுக்கும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போல முன்னாலேயே கத்தி நின்றுவிட வேண்டும். தாண்டினால் மரத்துக்குக் காயம். திரும்ப வளர்கிற பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் கத்தியே ஓடாது. பயந்துகொண்டு மேலாகச் சீவினால் மரத்துக்கு ஒரு குறையும் வராது, மங்கில் பாலும் அவ்வளவாக விழாது.

இப்போது வெட்டுக்காரர்களைப் பார். ஒருவன் அவசரப்பட்டு ஆழம் தப்பி மரத்தைக் காயப்படுத்துகிறான். அவனை ஆங்கிலத்தில் 'கேர்லெஸ்' என்போம். இன்னும் கொஞ்சம் காரமாக 'ஸ்லிப்ஷாட்' என்போம். பின்பக்கம் மடங்கிய செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நடக்கிறவனைச் சொன்ன சொல் அது. இன்னொருவன் பாதி நிரையோடு கத்தியைச் சொருகிக்கொண்டு கிளம்பிவிடுகிறான், அவன் சோம்பேறி, 'லேஸி'. மூன்றாவது ஆள் ஒரு மரத்தைக்கூட விடுவதில்லை. எல்லா மரத்திலும் புது வெட்டு, எல்லா மங்கும் நிமிர்ந்து இருக்கிறது, காயம் ஒன்றுகூட இல்லை. கங்காணி டார்ச் அடித்துப் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போவார். ஆனால் கத்தி பால் குழாய் வரைக்கும் போகவே இல்லை. ஸ்டோரில் பாலை நிறுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்பா இதை 'கணக்குக்கு வெட்டுறது' என்பார். வெள்ளைக்காரத் துரை பார்த்திருந்தால் பெர்ஃபங்க்டரி என்றிருப்பார்.

அப்பாவும் கணக்குக்கு வெட்டிய நாள் உண்டு. தங்கச்சி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். கடைசி ஐம்பது அறுபது மரம் கத்தி தொட்டதும் தெரியாது, விட்டதும் தெரியாது. நான் பார்த்தேன், அவர் நான் பார்த்ததைப் பார்த்தார், ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தச் சொல் ஆளின் குணத்துக்குப் போடும் முத்திரை இல்லை. ஒரு செயலுக்கு, ஒரு நாளைக்கு, ஒரு தடவைக்குப் போடும் முத்திரை. ஆங்கிலத்தில் 'பெர்ஃபங்க்டரி பாய்' என்று ஒரு பையனைச் சொன்னால் காதில் இடிக்கும். 'நன்றி சொன்ன விதத்தில் அவர் பெர்ஃபங்க்டரியாக இருந்தார்' என்று செயலோடு சேர்த்துச் சொன்னால்தான் சரியாக உட்காரும்.

'ஹாஃப்-ஹார்ட்டட்' என்றாலும் இதுதானே என்று நீ கேட்பாய். கிட்டத்தட்டத்தான், ஆனால் இடம் வேறு. ஹாஃப்-ஹார்ட்டட் என்றால் பாதி மனம். போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே செய்வது. அதனால் வேலையும் பெரும்பாலும் பாதியில் தொங்கும். இடைத்தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சி வற்புறுத்தியதால் நின்ற வேட்பாளரின் பிரசாரம் அப்படி இருக்கும். பெர்ஃபங்க்டரியில் இந்த இழுபறி கிடையாது. மனம் முதலிலேயே கழன்றுகொண்டது, கை மட்டும் பழக்கத்தில் வேலையை முடிக்கிறது. அதே வேட்பாளர் ஐந்தாவது தடவை ஜெயித்த பிறகு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் நம் கையைக் குலுக்குவார் பார், கை நம்மிடம் இருக்கும், கண் நமக்கு அடுத்து நிற்பவரிடம் போயிருக்கும். அதுதான் பெர்ஃபங்க்டரி ஹேண்ட்ஷேக். இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

'கர்சரி' என்று ஒன்று உண்டு, நிறையப் பேர் இதோடு போட்டுக் குழப்புவார்கள். அது ஓடுவது என்ற வினையிலிருந்து வந்தது. கம்ப்யூட்டரில் ஓடுகிற 'கர்சர்' இருக்கிறதே, அதே ஓட்டம்தான். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பார்வை, நம் நுனிப்புல் மேய்கிற கதை. அங்கே குறைவது நேரம், இங்கே குறைவது அக்கறை. மூன்று மணிநேரம் நடக்கிற கூட்டமும் பெர்ஃபங்க்டரியாக இருக்க முடியும். சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேகமாகச் செய்வதெல்லாம் பெர்ஃபங்க்டரி ஆகாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள். அப்பா வேகமான வெட்டுக்காரர்.

'டெசல்டரி' எனக்கு மிகவும் பிடித்த சொல், அதனால் ஒரு வார்த்தை. ரோமானியர் பந்தயக் களத்தில், ஓடுகிற குதிரையிலிருந்து பக்கத்துக் குதிரைக்குத் தாவுகிற வித்தைக்காரன் ஒருவன் இருப்பான். அவனுடைய பெயரிலிருந்து வந்தது. ஒன்றிலும் நிலைக்காமல் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று தாவுகிற முயற்சி. பரீட்சைக்கு முதல் நாள் நீ படிக்கிற லட்சணம் அப்படித்தான் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 'லாக்கடெய்சிக்கல்' என்பது 'ஐயோ இந்த நாளே' என்ற பழைய புலம்பலிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்தது. ஒரு காலை இன்னொரு காலுக்கு முன்னால் வைக்கவே அலுத்துக்கொள்கிறவனுக்குப் பொருந்தும்.

நீ மலாய்ப் பள்ளியில் படித்தவள், அதனால் 'சம்பில் லேவா' என்றால் சட்டென்று பிடிபடும். பெர்ஃபங்க்டரிக்கு மலாயில் அதுதான் நெருக்கம். 'மெலெபாஸ்கான் பாத்துக் டி தங்கா' என்ற பழமொழியையும் கட்டுரையில் எழுதியிருப்பாய். இருமலைப் படிக்கட்டோடு விட்டுவிட்டுப் போவது என்று பலர் பொருள் சொல்வார்கள். அது இருமல் இல்லை, தண்ணீர் மொள்ளும் கொட்டாங்கச்சி, அதை மேலே கொண்டுபோகாமல் படியிலேயே வைத்துவிட்டுப் போகிறவனைச் சொன்னது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்குக் கொட்டாங்கச்சிதான் பொருத்தமாகப் படுகிறது. 'ஹங்காட்-ஹங்காட் தாஹி ஆயாம்' வேறு வகை. கோழி எச்சம் விழுந்த நேரம் மட்டும் சூடாக இருப்பதுபோல், ஆரம்பத்தில் குதிப்பது, பின்பு ஆறிப்போவது. பெர்ஃபங்க்டரிக்காரனுக்கு ஆரம்பச் சூடும் கிடையாது.

தமிழில் இன்னொரு தொடர் இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது: 'கூலிக்கு மாரடிக்கிறது'. இழவு வீட்டில் காசு வாங்கிக்கொண்டு அழுகிறவளுடைய அழுகை. மார் அடிக்கிற சத்தம் கேட்கும், ஒப்பாரி தாளம் தப்பாது, கண்ணீர் மட்டும் அவளுடையது இல்லை. பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. இருந்தாலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த எனக்கு அந்தத் தொடரைச் சொல்ல வாய் வருவதில்லை. கூலிக்கு வேலை செய்தவர்கள் உயிரைக் கொடுத்துச் செய்ததைப் பார்த்தவன் நான்.

இனி நீ இந்தச் சொல்லை எங்கே போடலாம் என்பது. மரியாதைக்காகவோ வழக்கத்துக்காகவோ செய்கிற சின்னச் செயல்களோடுதான் ஆங்கிலேயர் இதை அதிகம் சேர்க்கிறார்கள்: தலையசைப்பு, புன்னகை, வணக்கம், மன்னிப்பு, கைத்தட்டல். அப்புறம் உத்தியோகச் செயல்கள்: சோதனை, விசாரணை, தேடுதல், பரிசோதனை. முன்பு எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் வரிசையாக எல்லாரையும் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, யாருடைய நாக்கையும் பார்க்காமல் ஒரே கலர் மருந்தை ஊற்றிக் கொடுப்பார். 'பெர்ஃபங்க்டரி எக்ஸாமினேஷன்' என்று படித்தாலே எனக்கு அந்த மருந்தின் கசப்பு நாக்கில் வரும். உன் தம்பி அம்மா அதட்டியதும் சுவரைப் பார்த்து "சாரி" என்கிறானே, அது 'பெர்ஃபங்க்டரி அப்பாலஜி'. உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில், 'ஃபங்க்'கில் விழ வேண்டும். 'பெர்'ரில் அழுத்தினால் மறுபடி பெர்ஃபெக்ட் பக்கம் போய்விடுவாய். கடைசியில் 'லி' சேர்த்தால் வினையடை. பெயர்ச்சொல்லாக்க 'னெஸ்' சேர்க்கலாம், சொல்லி முடிப்பதற்குள் பல் சுளுக்கிக்கொள்ளும், விட்டுவிடு. எழுத்துக்கும் அலுவலகத்துக்கும் உரிய சொல் இது. காப்பிக்கடையில் சொன்னால் பெரிய மனுஷன் வந்துவிட்டான் என்று சிரிப்பார்கள்.

சரி, உன் தாளுக்கு வருகிறேன். மூன்று பேருக்கு ஒரே வரி என்றாயே, அந்த மதிப்பீட்டைத்தான் முதலில் பெர்ஃபங்க்டரி என்று சொல்ல வேண்டும். படிவத்தில் கட்டம் நிரம்பியது, கையெழுத்து விழுந்தது, மூவரில் யார் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இதை நீ அங்கே போய்ச் சொல்லாதே. நமக்குள் இருக்கட்டும்.

ஆனால் அவர் யோசிக்காமல் எழுதியதாலேயே அது பொய் ஆகிவிடாது. திங்கட்கிழமை தவறாமல் ஈமெயில் போடுகிறேன் என்றாய். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்டபோது, "எல்லாருக்கும் ஒரே ஈமெயில்தான் சார், எனி அப்டேட் என்று" என்று சிரித்தாய். பதில் போடாதவர்களை ஃபோனில் கூப்பிட்டாயா, எந்தச் சாமான் எத்தனை நாள் தாமதம் என்று தனித்தனியாகக் கேட்டாயா என்றால், இல்லை. அம்மா, நீ எல்லா மரத்திலும் கத்தி வைத்திருக்கிறாய்.

கீழே 'ஊழியர் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கிறதாமே, வெள்ளிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டுமாமே. அதில் 'ஐ வாஸ் பெர்ஃபங்க்டரி' என்று ஒப்புக்கொண்டு எழுதாதே. தன்னைப் பற்றித் தானே அலுவலகத் தாளில் இந்தச் சொல்லை எழுதினால் ராஜினாமாக் கடிதம் மாதிரி இருக்கும். கோபமாக மறுத்தும் எழுதாதே. எந்த சப்ளையர் விஷயத்தில், எந்த மாதத்தில் குறை தெரிந்தது என்று பணிவாகக் கேட்டு ஒரு வாக்கியம். இனிமேல் தாமதமானவர்களை எந்தக் கிழமையில் ஃபோனில் கூப்பிடப் போகிறாய், அதை எங்கே குறித்துவைக்கப் போகிறாய் என்று ஒரு வாக்கியம். இரண்டு போதும்.

எழுதி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பக்கம் வா, இலக்கணம் பார்த்துத் தருகிறேன். வருகிறேன் என்று முன்கூட்டியே எனக்கு மெசேஜ் போடு. அதிலும் 'எனி அப்டேட்' என்று மட்டும் போட்டுவிடாதே.